மன்னார் கத்தோலிக்க ஆயரா இருந்த ராயப்பு ஜோசப் ஆண்டகையை நேரில கண்டவை உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

முருங்கன்காரன்:
ஏப்ரல் முதலாம் திகதி வந்தா எங்கட வீட்டில அம்மா ஒரு மெழுகுதிரி கொளுத்துவா. ஊர் உலகம் ஏப்ரல் ஃபூல் எண்டு பகிடி விட்டுக்கொண்டிருக்கும், எங்களுக்கு அது ஆண்டகை போன நாள். 2021ல அண்டைக்குப் பெரிய வியாழனும் சேந்து வந்தது. விடியக்காலமை ஆரோ ஃபோன் எடுத்துச் சொல்லேக்க நான் உண்மையாவே நம்பேல்ல, திகதியைப் பாத்திட்டு ஆரோ விசர்ப் பகிடி விடுறாங்கள் எண்டு பேசிப்போட்டு வச்சிட்டன். பிறகு பாத்தா ஃபேஸ்புக் முழுக்க அவற்ற படம்.

எனக்கு உறுதிபூசுதல், அதுதான் ஆயர் நெத்தியில எண்ணெய் பூசித் தாற அருட்சாதனம், தந்தவர் அவர்தான். சண்டைக் காலம், எந்த வருசம் எண்டு இப்ப சரியா வருகுதில்ல. உறுதிபூசுதல் எடுக்கிற பிள்ளையளை ஆண்டகை கன்னத்தில அறைவார் எண்டு மறைக்கல்வி வகுப்பில பெரிய பொடியள் வெருட்டி வச்சிருந்தவங்கள். அந்தக் காலத்தில கன்னத்தில லேசாத் தட்டுற வழக்கம் ஒண்டு இருந்ததாம், கிறிஸ்துவுக்காகப் பாடுபட ஆயத்தமா இரு எண்டு காட்ட, அது எங்களுக்குத் தெரியுமே. அவர் முடியோடயும் செங்கோலோடயும் கிட்ட வர வர நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிண்டன். நெத்தியில எண்ணெய் பட்ட உடன கண்ணைத் திறந்தா மனுசன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், பின்னால நிண்ட ஞானத்தகப்பனும் சிரிக்கிறார். அவ்வளவுதான் என்ர கதை. பெருசா ஒண்டுமில்ல. ஆனா நாலைஞ்சு செக்பொயின்ட் தாண்டி ஒரு சின்னப் பங்குக்கு வந்து பிள்ளைப் பிள்ளையா நெத்தியில கை வச்சிட்டுப் போனவர் எண்டது இப்ப யோசிக்கத்தான் விளங்குது. உங்களிட்டயும் ஏதும் இருந்தா எழுதுங்கோ.

தீவான்:
முதல்ல ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், அவர் எங்கட ஆள். நெடுந்தீவு. 1940 ஏப்ரல் 16 பிறந்தவர், அப்ப 81 ஆக ரெண்டு கிழமை இருக்கேக்க போயிருக்கிறார். மன்னார் ஆக்கள் தங்கட எண்டு சொல்லிக்கொண்டு திரியினம், சொல்லட்டும், 1992ல இருந்து 2016 வரைக்கும் அங்கதானே இருந்தவர். ஆனா குறிகாட்டுவானில வள்ளம் ஏறி அலை அடிச்சு நனைஞ்சு போய்வந்து பழகின சனத்தின்ர பிடிவாதம் ஒண்டு இருக்கு, அது அவரிட்ட இருந்தது. எங்கட அப்பா சொல்லுவார், தீவாரிட்ட ஒரு சொல்லைத் திருப்பி எடு எண்டு கேட்டா நடக்காது எண்டு. நான் அவரைக் கண்டது ஒரே ஒருக்கா, யாழ்ப்பாணத்தில ஒரு குருப்பட்டத் திருநிலைப்படுத்தலில. நெடுந்தீவு எண்டு சொன்ன உடன எந்த வட்டாரம், ஆற்ற பிள்ளை எண்டு வரிசையாக் கேக்கத் தொடங்கிட்டார், பின்னால நிண்ட சனம் முணுமுணுக்குது, எனக்கு வெக்கமாப் போச்சு.

பேசாலைப் பெட்டை:
எனக்கு அப்ப பதினாலு வயசு. 2006 ஜூன் 17, சனிக்கிழமை. கடலுக்க சண்டை எண்டு சத்தம் கேட்டு ஊர்ச்சனம் முழுக்க வெற்றிமாதா கோயிலுக்க ஓடிட்டம். கோயில் எண்டா அடிக்க மாட்டாங்கள் எண்ட நம்பிக்கைதான், வேற என்ன. யன்னலால குண்டு வந்து விழுந்தது. நான் பீடத்துக்குக் கிட்ட இருந்தபடியாத் தப்பிட்டன், வயசு போன ஒரு அம்மா அதிலயே முடிஞ்சிட்டா, காயப்பட்ட சனம் கனக்க. ஆர் எறிஞ்சது எண்டு இதில எழுதேல்ல, அந்த நேரம் அங்க நிண்ட எல்லாருக்கும் தெரியும்.

ஆண்டகை இதைப் பற்றி வெளிப்படையாக் கதைச்சவர். அப்ப ஒருத்தரும் வாய் திறக்கிற காலமில்ல, ஆக்களைக் கடத்திற வெள்ளை வானுக்குப் பயந்து பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு படலை திறக்காத காலம். எங்கட வீட்டிலயே பெரியாக்கள் சொன்னவை, இவர் பேசாம இருக்கலாம்தானே, பிறகு எங்களுக்குத்தானே அடி விழும் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சன், ஒளிக்கேல்ல. அடுத்த வருசம் செப்டெம்பரில மன்னார் மறைமாவட்டக் குருவானவர் பாக்கியரஞ்சித் பாதர் நிவாரணச் சாமானோட போகேக்க கிளைமோர்க் குண்டில செத்துப்போனார். தன்ர குருவானவர் ஒருத்தரையே பறிகுடுத்த பிறகும் மனுசன் வாயை மூடேல்ல. அப்பதான் எனக்கு அவரில ஒரு இது வந்தது.

காணாமல்போனவரின் அக்கா:
நான் இப்பிடியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர தம்பியை 2009 மே மாசத்தில முள்ளிவாய்க்காலில இருந்து வட்டுவாகல் பாலம் தாண்டி வரேக்க கடைசியாக் கண்டது. பிறகு நாங்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில, தறப்பாள் கொட்டிலுக்க, தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. அம்மா ஒவ்வொரு வலயத்து வேலியிலயும் போய் நிண்டு தம்பியின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. வெளியால விட்ட பிறகு எங்க எங்க பதிஞ்சம் எண்டு கணக்கில்ல. ஒவ்வொரு இடத்திலயும் ஒரு ஃபோம், ஒரு ஃபோட்டோ, ஒரு நம்பர். ஒரு மேசையில இருந்த ஆள் ஒருக்கா எங்களிட்டத் திருப்பிக் கேட்டது, உங்கட தம்பி காணாமப் போனதுக்கு என்ன ஆதாரம் எண்டு. இல்லாத ஆளுக்கு நான் என்னத்தைக் காட்டுறது.

மன்னார் ஆயர் இல்லத்துக்கு அம்மாவோட போனனான். நிறையச் சனம், எங்களைப் போல ஃபைல் கட்டோட. ஆண்டகை இருந்து கேட்டவர். அம்மா தொடக்கத்தில இருந்து சொன்னா, தம்பி பிறந்ததில இருந்து, அம்மாவுக்கு அப்பிடித்தான், நான் கையைப் பிடிச்சு இழுக்கிறன் சுருக்கிச் சொல்லுங்கோ எண்டு. அவர் மறிக்கேல்ல. ஒரு ஆறுதல் வார்த்தையும் அளவுக்கு மிஞ்சிச் சொல்லேல்ல, வந்திடுவான் எண்டும் சொல்லேல்ல. அது எனக்குப் பிடிச்சது. வந்திடுவான் வந்திடுவான் எண்டு சொல்லி எங்களை அனுப்பின ஆக்கள் கனபேர்.

2011 ஜனவரியில, சண்டையைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் வச்ச அந்த நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்த நேரம் அவர் ஒரு கணக்கை எழுத்தில குடுத்தவர். உங்கள் எல்லாருக்கும் அந்த நம்பர் தெரியும், ஆனா அது எப்பிடி வந்தது எண்டு கனபேருக்குத் தெரியாது, ஏதோ வாய்க்கு வந்த மாதிரிச் சொன்னதெண்டு நினைக்கினம். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில, சண்டை நடந்த வன்னியில இருந்த சனம் 429,059. இது கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகத்தின்ர கணக்கு, அரசாங்கத்தின்ர சொந்தக் கணக்கு. அதில இருந்து 2009 மே வரைக்கும் அரசாங்கப் பக்கம் வந்து சேந்த சனம் 282,380. கழிச்சுப் பாருங்கோ. 146,679. இவ்வளவு பேரும் செத்திட்டினம் எண்டு அவர் சொல்லேல்ல. இவைக்கு என்ன நடந்தது எண்டுதான் கேட்டவர். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கும் கழிக்கத் தெரியும், ஆனா அவரைத் தவிர ஒரு ஆளும் அதை ஒரு கடதாசியில எழுதி அவங்கட மேசையில வைக்கேல்ல.

அம்மாவுக்கு நம்பரெல்லாம் விளங்காது. பேப்பரில அதை வாசிச்சுக் காட்டேக்க அவ கேட்டது, கடைசி ஒம்பதில எங்கட தம்பியும் நிக்கிறானோ எண்டு. அம்மா 2017ல போயிட்டா.

முருங்கன்காரன்:
அக்கா, வாசிச்சிட்டு என்ன எழுதிறதெண்டு தெரியேல்ல. அம்மாவின்ர பேரையும் இனி இந்த மெழுகுதிரியோட சேத்துச் சொல்லச் சொல்லுறன் வீட்டில.

கொழும்பில இருக்கிறன்:
இங்க என்னோட வேலை செய்யிற கத்தோலிக்கச் சிங்கள நண்பர்கள் சிலர் அவரைப் புலி ஆண்டகை எண்டுதான் இப்பவும் சொல்லுவினம். 2012ல சிஐடி வீட்டுக்கே போய் விசாரிச்சவங்கள். நான் அவையளோட வாதாடிக் களைச்சிட்டன். கடைசியா ஒருத்தனிட்டக் கேட்டன், அந்தக் கணக்கில எந்த இலக்கம் பிழை எண்டு சொல்லு, நான் ஒத்துக்கொள்ளுறன் எண்டு. அதோட கதை மாறி கிரிக்கெட்டுக்குப் போயிட்டுது.

புத்தளத்தில இருந்து:
நானும் மன்னார்தான், எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில புலிகள் எங்கட முஸ்லிம் ஆக்களை வெளியேற்றேக்க எனக்கு ஆறு வயசு. ஆகவே இந்த இழையில எல்லாரும் எழுதுற மாதிரி என்னால எழுத ஏலாது. மீள்குடியேற்றம், காணி, இதில எங்கட பக்கத்தில வேற கதை இருக்கு, அவரோட மனவருத்தமும் இருந்தது, இப்ப அதைக் கிண்ட வரேல்ல. ஆனா காணாமல்போன ஆக்களுக்காக அவர் நிண்டதை ஆரும் இல்லையெண்டு சொல்ல ஏலாது. எங்கட கணக்கையும் இப்பிடி ஒருத்தர் எழுதி மேசையில வச்சிருந்தா எண்டு நினைச்சிருக்கிறன். மவுத்துச் செய்தி வந்த அண்டைக்கு எங்கட வாப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில இருந்து எழும்பேல்ல.

மடு றோட்:
நல்லா எழுதியிருக்கிறீங்கள் சகோதரம். இப்பிடியும் வரத்தான் வேணும்.

என்ரது மடுக் கதை. நாங்கள் 90களில மடுக்கோயில் வளவில அகதி, ஐ.நா. அகதிகள் அமைப்பு யூஎன்எச்சிஆரின்ர கொடி பறக்கும், மரத்துக்குக் கீழ கொட்டில், ஆவணித் திருவிழாவுக்கு வந்து குடிசை போட்ட இடத்திலேயே வருசக்கணக்கா இருந்தம். அங்கயும் 1999 நவம்பரில ஷெல் விழுந்து நாப்பது பேரளவில செத்தவை, கோயிலடியில. பிறகு 2008 ஏப்ரலில சண்டை கிட்ட வர மாதாவையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனவை. மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்திட்டா எண்டு என்ர அம்மம்மா அழுதது இன்னும் காதுக்க இருக்கு. நானூறு வருசச் சுரூபம், அது இல்லாத மடுவை நினைச்சுப் பாருங்கோ. ஆவணிக்குத் திரும்பி வந்திட்டா, அது வேற விசயம், ஆனா திருவிழா எண்டு சொல்லச் சனம் எங்க இருந்தது, சனம் முழுக்க வன்னிக்க எல்லே ஓடிக்கொண்டிருந்தது.

2015 ஜனவரி 14, தைப்பொங்கல் காலம், போப்பாண்டவர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தவர். நாங்கள் முதல்நாள் இரவே போய் மணலில சாக்கு விரிச்சுப் படுத்திட்டம், பனி, பிள்ளையள் எல்லாம் இருமல். போப்பாண்டவரை நான் பாத்தது ஒரு வெள்ளைப் புள்ளி மாதிரித்தான், முன்னால நிண்ட ஆள் நல்ல உயரம். ஆனா ஆண்டகையைக் கிட்டவாக் கண்டன், ஏதோ அலுவலா இந்தப் பக்கத்தால வேகமாப் போனவர். மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடின அதே கோயிலில பாப்பரசரை வச்சிருக்கிற மனுசன் எண்டு எனக்குள்ள ஓடிச்சுது. நான் கையைத் தூக்கினன், கண்டாரோ தெரியாது. அதுக்குப் பிறகு அவருக்கு ஸ்ட்ரோக் வந்து, அடுத்த வருசத் தொடக்கத்தில பதவியையும் விட்டிட்டார்.

பேசாலைப் பெட்டை:
செத்தவீட்டுக்குப் போன ஆக்கள் ஒருத்தரும் எழுதேல்லயே? நான் போனனான். பெரிய வியாழன் செத்தபடியா உடன அடக்க ஏலாது, பெரிய வெள்ளி, சனி, உயிர்த்த ஞாயிறு எண்டு அடக்கப் பூசை வைக்க ஏலாத நாளா வரிசையா வந்திட்டுது. அதோட பெரிய வியாழன் பூசையில உன்னதங்களிலே பாடினதோட கோயில் மணியையும் கட்டிவச்சிடுவினம், பிறகு சனி இரவு வரைக்கும் மணிக்குப் பதிலா மரக்கட்டை தட்டுறதுதான். செத்தவீடு நடக்குது, துக்கமணி அடிக்க ஏலாது. எங்கட பெரியம்மா சொன்னா, ஆண்டவர்ர சாவோட சேத்து இவரையும் துக்கம் கொண்டாடச் சொல்லி விட்டிருக்கு எண்டு.

திங்கக்கிழமை, ஏப்ரல் 5, செபஸ்தியார் பேராலயத்தில அடக்கம். கொரோனா எண்டு மாஸ்க்கோட, இடைவெளி விடுங்கோ எண்டு மைக்கில சொல்லிக்கொண்டே இருக்கினம், ஆர் கேட்டது. நான் வரிசையில நிண்டேக்க எனக்கு முன்னால ஒரு வயசுபோன ஐயா, நெத்தியில வீபூதி, கையில ஒரு பொடியன்ர ஃபோட்டோ. பெட்டிக்குக் கிட்டப் போன உடன ஃபோட்டோவைத் திருப்பி ஆண்டகையின்ர முகத்துக்கு நேர ஒருக்காக் காட்டிப்போட்டு மடிச்சுப் பொக்கட்டில வச்சுக்கொண்டு போயிட்டார். ஒரு சொல்லும் கதைக்கேல்ல.

தீவான்:
முருங்கன்காரன், உறுதிபூசுதல் வருசம் மறந்திட்டன் எண்டு எழுதியிருக்கிறீர். பங்கு ரெஜிஸ்டரைப் போய்ப் பாரும். உம்மட பேர், ஞானத்தகப்பன்ர பேர், தந்த ஆயர்ர பேர், திகதி எல்லாம் எழுதியிருக்கும். சண்டையில எரியாம இருந்தா.

முருங்கன்காரன்:
எரியேல்ல அண்ணை. பாதரிட்டக் கேட்டுப்போட்டன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வரச் சொன்னவர்.