ஐந்தரை மணிக்கு வாசலில் ஒருவர்

அம்மா போன பிறகு அப்பா நடைப்பயிற்சியை விட்டுவிட்டார். 76 வயது. மூட்டுவலி என்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சிகளும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதை எழுதி அவர் அறையில் ஒட்டினேன். நச்சரித்தும் பார்த்தேன். பலனில்லை.

எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெரியவருக்குக் கண்புரை. ஒருநாள் வந்து, "மேடு பள்ளம் தெரியல சார், தனியா நடக்க பயமா இருக்கு. கூட வரீங்களா?" என்றார். மறுநாள் ஐந்தரைக்கு அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். விரல் நடுங்கி முடிச்சு இரண்டு தடவை நழுவியது. குனிந்து கட்டிவிடப் போனேன். "விடும்மா, அவர் வந்து நின்னுடுவார்" என்றார். எட்டு மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நடக்கும்போது இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. "படி இருக்கு", "வண்டி வருது", அவ்வளவுதான்.

*

அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மாமியார் புதன்கிழமை தோழிகளோடு கூடுவதை நிறுத்தியபோது, வயதாகிவிட்டது, ஒதுங்குகிறார் என்றே நினைத்தோம். காது மந்தமாகியிருக்கிறது. வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்குமாம். குரல் கேட்கும், சொல் பிரியாது. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் வெறும் இரைச்சல்தான். எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துச் சமாளித்திருக்கிறார். இரண்டு வருடம் நாங்கள் கவனிக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன பட்டியலில் காது மந்தமும் இருக்கிறது, தனித்துப் போவதும் இருக்கிறது.

காதுக் கருவி வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மின்விசிறிச் சத்தம்கூட இடியாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். தோழி ஒருத்திதான் வழி கண்டார்: மாமியாரைச் சுவரோரம் உட்காரவைத்து, எல்லோரும் அவர் முகம் பார்த்து ஒவ்வொருவராகப் பேசுவது. இப்போது புதன்கிழமை வந்தால் கருவியின் பேட்டரியைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்கிறார்.

*

எனக்கு 72. பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்" என்று எல்லா வேலையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் மூன்று வேலை போனால் அதோடு பேச்சுத்துணை மூன்று பேரும் போய்விடுகிறார்கள். உலகில் 6 பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிக்கை கொடுத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருடம் அந்த ஒருவனாக நான் இருந்தேன்.

பழைய அலுவலக நண்பர் ஒருவருக்குப் பார்வை போய்விட்டது. தினமும் நாலு மணிக்குப் போனில் அவருக்குச் செய்தித்தாள் வாசிக்கிறேன். இதற்காகவே காலையில் நானே நடந்து போய் வாங்கி, எதை வாசிப்பது என்று பேனாவால் குறித்து வைக்கிறேன். போன வாரம் மருத்துவரைப் பார்த்துத் திரும்பப் பத்து நிமிடம் தாமதம். கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"என்னய்யா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"