டேம் கரை அடியில தண்ணி கசியுது, பயப்படணுமா?

மேக்குத்தோட்டம்:
வணக்கம்ங்க. நமக்கு பழனி மலை அடிவாரம். ஊரு பேரும் டேம் பேரும் வேணாம், சொன்னா நாளைக்கே எவனாச்சும் வாட்ஸப்ல டேம் ஒடையப் போகுதுன்னு தட்டி விட்ருவான். மண்கரை டேம், உசரம் 60 அடிக்கு மேல, எழுபதுகள்ல கட்டுனது. கொடைக்கானல் பக்கம் நல்லா பேஞ்சா அன்னிக்கு ராத்திரியே இங்க தண்ணி ஏறிரும். கீழ நெல்லு, கரும்பு, தென்னை எல்லாமே இத நம்பித்தான் இருக்குது.

விஷயம் என்னன்னா போன ஐப்பசியில டேம் நெறஞ்சப்ப மதகுக்கு கெழக்கால, கரை அடியில, ஒரு எடம் சதசதன்னு ஆயிடுச்சு, கோரை மொளச்சிருக்குது, கால வெச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகுது, ஓரத்துல பென்சில் மொத்தத்துக்கு தண்ணி நிக்காம ஓடுது. மதகு பாத்துக்கற லஸ்கர் அண்ணன்கிட்ட கேட்டா "அது எங்கப்பன் காலத்துல இருந்தே இருக்குது தம்பி"ங்கிறாரு. ஆபீஸ்ல கேட்டா மேல எழுதியிருக்கோம்ங்கிறாங்க, எழுதுனது மேல போச்சா கீழ வந்துச்சான்னு தெரியல. கரை மேல வேலிக்காத்தான் காடா நிக்குது, காட்டுப்பன்னி வேற கரைய நோண்டி போட்டிருக்குது, மதகு ஷட்டர் முழுசா எறங்க மாட்டேங்குது, எப்பவும் தண்ணி போயிட்டேதான் இருக்கும். ஊர்ல பெருசுங்க களிமண்ண அடிச்சு கசிவ அடைச்சுரலாம்ங்கிறாங்க. அடைக்கலாமா? கசிவுன்னாலே ஆபத்துதானா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொய்யாக்காடு:
மொதல்ல தூர் வாரச் சொல்லுங்கண்ணா. பாதி டேம் வண்டல்தான். ஒட்டன்சத்திரம் பரப்பலாறு 90 அடி டேம்னு பேரு, ஆனா அடியில பூராவும் சேறு, தூர் வாரணும்னு அந்தப் பக்கம் விவசாயிங்க எத்தன வருஷமா கேக்குறாங்க, காட்டுக்குள்ள இருக்கறதால வனத்துறை அனுமதி அது இதுன்னு இழுத்துச்சு. கசிவு பத்தி நமக்கு வெவரம் பத்தாது, பெரியவங்க வருவாங்க.

பழைய ஏஇ:
தம்பி, தூர் வாருறது கொள்ளளவு சமாச்சாரம், நீங்க கேக்குறது கரை சமாச்சாரம், ரெண்டையும் கலக்க வேணாம். நான் டேம் வேலையிலயே ஏஇயா, அதாவது உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், அந்த அளவுல சொல்றேன்.

கசியாத மண்கரை கெடையாது. கசியுற தண்ணிய பத்திரமா வெளிய கொண்டு போகத்தான் கரை அடியில மணல், ஜல்லி, கல்லுன்னு அடுக்கி வடிகால் வெச்சிருப்பாங்க. அதனால லஸ்கர் சொல்றதுல பாதி சரி. மீதி பாதிக்கு அவர்கிட்டயும் பதில் இருக்காது, ஏன்னா யாரும் அளந்து எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. பழைய டேம்ல வி நாட்ச்னு ஒரு தகடு வெச்சு கசிவ அளப்போம், இப்ப பல எடத்துல அந்த தகடு புல்லுக்குள்ள எங்க கெடக்குன்னே தெரியாது.

நீங்க பாக்க வேண்டியது தண்ணி வருதாங்கிறது இல்ல, தண்ணியோட மண்ணு வருதாங்கிறது. தெளிஞ்ச கண்ணாடி பாட்டில்ல புடிச்சு ராத்திரி முழுக்க அசைக்காம வைங்க, காலைல அடியில மண்ணு படிஞ்சிருந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம், அன்னிக்கே ஆபீசுக்கு போன் போடுங்க. அடுத்தது அளவு. 10 லிட்டர் பக்கெட் நெறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல டைம் பாருங்க, அதே நேரத்துல கேஜ் போர்டுல தண்ணி எத்தன அடின்னு பாத்து தேதியோட எழுதுங்க. மழை இல்லாத நாளா பாத்து எடுங்க, இல்லன்னா கரை மேல இருந்து வடியுற மழைத்தண்ணியும் சேந்துக்கும். டேம்ல தண்ணி ஏற ஏற கசிவு கூடும், அது இயற்கை. போன தடவ 50 அடியில வந்த அளவ விட இந்த தடவ அதே 50 அடியில நெறைய வந்தா அப்பதான் கவலப்படணும்.

எடமும் முக்கியம். கரை அடியில இல்லாம சரிவுல பாதி உசரத்துல ஈரம் தெரிஞ்சாலோ, தரையில சின்னச் சின்னதா மணல் பொங்கிட்டு வந்தாலோ விடக்கூடாது. நீங்க மதகுக்கு கெழக்கன்னு சொல்றீங்க, எத்தன அடி தள்ளி? மதகுக் குழாய ஒட்டியே வருதுன்னா கதையே வேற. மண்ணும் கட்டுமானமும் சேருற எடம்தான் மண்கரையோட பலவீனம், அங்க மண்ணு சரியா இறுகியிருக்காது.

களிமண் வெச்சு அடைக்கவே அடைக்காதீங்க. வெளிய வர்ற வழிய அடைச்சா தண்ணி உள்ள தேங்கி கரை ஊறிப்போகும், இன்னொரு எடத்துல பொத்துக்கும், இல்ல சரிவே வழுக்கி எறங்கிரும். நெசமாவே மண்ணு வந்துச்சுன்னா அது மேல மொதல்ல மணல், அப்பறம் சின்ன ஜல்லி, அப்பறம் பெரிய ஜல்லி, மேல கல்லு, இந்த வரிசையில போடணும். தண்ணி போகும், மண்ணு நிக்கும். அதையும் ஆபீஸ் ஆளுங்கள வரச் சொல்லிட்டு செய்யுங்க. பயந்துகிட்டு ஒரே நாள்ல டேம காலி பண்ணச் சொல்லியும் நிக்காதீங்க, தண்ணி சடார்னு எறங்குனா ஊறிப்போன முன்பக்கச் சரிவு கல்லோட சேந்து சரியும்.

வேலிக்காத்தான் சின்னதா இருக்கறத வேரோட புடுங்கலாம். பெருசா வளந்தத வெட்டிட்டு வேர உள்ளயே விட்டா அது மக்கி தண்ணிக்கு குழாய் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும், அத தண்ணி கம்மியா இருக்கற காலத்துல இன்ஜினியர் நின்னு தோண்டி எடுத்து மண்ணு போட்டு இறுக்கணும். பன்னிக் குழிக்கும் அதேதான், தளர்வா மண்ண தள்ளி மூடுனா ஒரு மழைக்கு தாங்காது.

கடைமடைக்காரன்:
சார் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா எங்க பக்கம் கவலையே வேற. டேம் நெறஞ்சா மிச்ச தண்ணி வழியுற கலிங்குல தண்ணி வீணா ஆத்துக்கு போகுது, கடைசியில எங்க வயலுக்கு தை மாசம் தண்ணி இல்ல. அதனால வருஷா வருஷம் கலிங்கு மேல மணல் மூட்டை அடுக்கி 1 அடி கூட நிறுத்துறோம், இத்தன வருஷத்துல ஒண்ணும் ஆகல. கரை பெரிய கரைதான், மேல இன்னும் எவ்வளவோ எடம் இருக்குது.

பழைய ஏஇ:
ஐயா கோவிச்சுக்காதீங்க, கசிவ விட எனக்கு இதுதான் வயித்த கலக்குது. அந்த மேல இருக்கற எடம் சும்மா விட்டது இல்ல, பெருவெள்ளம் வர்றப்ப கலிங்குல தண்ணி உசந்து போறதுக்கும் காத்துல அலை அடிக்கறதுக்கும் விட்டது. கலிங்கு மேல 4 அடி உசரத்துக்கு வெள்ளம் போகணும்னு கட்டியிருந்தா, 1 அடி மூட்டை வெச்சா கால்வாசிதான கொறையும்னு தோணும். இல்ல. 3 அடியில போற தண்ணி 4 அடியில போறதுல மூணுல ரெண்டு பங்கு கூட வராது. மிச்ச தண்ணி எங்க போகும்? கரை மேல ஏறும். மண்கரை மேல தண்ணி வழிஞ்சா பின்பக்கம் அரிச்சு சில மணி நேரத்துல கரையே இருக்காது. குஜராத் மோர்பியில 1979 ஆகஸ்ட் 11ம் தேதி மச்சு 2 டேம் அப்படித்தான் போச்சு, ரெண்டு பக்கத்து மண்கரை மேலயும் வெள்ளம் ஏறி ஊரையே அடிச்சுட்டு போச்சு, ஆயிரக்கணக்குல செத்தாங்க. வருஷா வருஷம் ஒண்ணும் ஆகலன்னா அந்த வெள்ளம் இன்னும் வரலன்னுதான் அர்த்தம். ராத்திரில மலையில கொட்டுனா மூட்டைய எடுக்க யாரு போவா?

உங்களுக்கு தண்ணி வேணும்னா மதகு ஷட்டர சரி பண்ணச் சொல்லி நில்லுங்க, நாள் பூரா கசிஞ்சு போறது உங்க தை மாசத் தண்ணிதான். மழைக்கு முன்னாடி ஷட்டர முழுசா ஏத்தி எறக்கி பாக்கணும், திருகு தண்டுக்கு கிரீஸ் வைக்கணும், அடியில ரப்பர் சீல் மாத்தணும். சின்ன வேலைதான், யாரும் செய்யறதில்ல. பரம்பிக்குளத்துல 2022 செப்டம்பர்ல சங்கிலி அறுந்து ஒரு ஷட்டரே போயி டிஎம்சி கணக்குல தண்ணி கேரளா பக்கம் ஓடுச்சு, துங்கபத்ராவுல 2024 ஆகஸ்ட்ல 19ம் நம்பர் ஷட்டர் சங்கிலியும் அதே கதைதான்.

கடைமடைக்காரன்:
மூட்டை வேணாம்னா வேணாம் சார், ஆனா ஷட்டர் சரியாகற வரைக்கும் எங்க பயிருக்கு யாரு பொறுப்புன்னும் சொல்லணும். மேல இருக்கறவங்க மொறை வெச்சு தண்ணி விட்டா நாங்க ஏன் மூட்டை தூக்குறோம்.

மனுக்காரன்:
அது நியாயமான கேள்வி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துல வெச்சு பேசுங்க. மேக்குத்தோட்டம் அண்ணா, உங்களுக்கு சட்டம் தொணைக்கு இருக்குது. அணை பாதுகாப்பு சட்டம் 2021, அந்த டிசம்பர் 30ல இருந்து நடைமுறையில இருக்குது. 15 மீட்டருக்கு மேல உசரம் இருக்கற டேம் எல்லாம் அதுக்குள்ள வரும், உங்க 60 அடி கண்டிப்பா வரும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு ஆய்வு, பின்னாடி ஒரு ஆய்வு கட்டாயம். ஒடஞ்சா எந்த ஊருக்கு எப்படி தகவல் சொல்றதுன்னு அவசரகாலத் திட்டமும் வேணும். அந்த ரெண்டு ஆய்வு அறிக்கையோட நகலும் வேணும்னு ஆர்டிஐ போடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாசம் நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுங்க, அங்க குடுத்தா பதில் எழுதியாகணும். மகாராஷ்டிராவுல ரத்னகிரி பக்கம் திவாரே டேம் 2019 ஜூலைல ராத்திரி ஒடஞ்சதே, அங்கயும் கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

மேக்குத்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஏஇ சார், மதகுல இருந்து ஒரு 40 அடி தள்ளிதான் ஈரம் இருக்குது, ஒட்டி இல்ல. பாட்டில்ல புடிச்சு வெச்சு பாத்தாச்சு, அடியில ஒண்ணும் இல்ல, தெளிவாத்தான் இருக்குது. பக்கெட் கணக்கு நோட்டுல எழுத ஆரம்பிச்சாச்சு, லஸ்கர் அண்ணனும் கூட வந்தாரு, அவரே கேஜ் பாத்து சொல்றாரு. களிமண் பேச்ச நிறுத்தியாச்சு. மனுல என்னன்னு எழுதட்டும்? டேம் ஒடையற நெலமையில இருக்குன்னு எழுதுனாத்தான் வருவாங்கன்னு இங்க சொல்றாங்க.

பழைய ஏஇ:
அப்படி எழுதாதீங்க, ஒரு ஏஇ வந்து பாத்துட்டு "அணை பாதுகாப்பாக உள்ளது"ன்னு ஒத்த வரில முடிச்சுருவாரு. இப்படி கேளுங்க: கசிவு அளக்க வி நாட்ச் வைக்கணும், மதகு ஷட்டர எங்க முன்னாடி ஏத்தி எறக்கி காட்டணும், கரை மரங்கள இந்த கோடைலயே வேரோட எடுக்கணும், கலிங்கு மேல எதுவும் அடுக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கணும். உங்க நோட்டுப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து கூட வைங்க. கடைசி கோரிக்கைய கடைமடைக்காரங்கள கலந்துகிட்டு சேருங்க, அவங்க கையெழுத்தும் வேணும்.