மறு: ரோல்பிளேயிங் கேமுக்குத் தமிழ்ச்சொல் – நான் 'கதையாட்டம்' பக்கம்

வணக்கம் நண்பர்களே,

ரோல்பிளேயிங் கேமுக்குத் தமிழ்ல என்ன சொல்லு வைக்கலாம்னு ஓடுற இந்த இழைய ஆரம்பத்துலேருந்து படிச்சிட்டு வர்றேன். இதுவரைக்கும் வந்ததுல 'பாத்திரமேற்று விளையாட்டு'க்குத்தான் ஆதரவு அதிகமா இருக்கு, ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னு விரிவாவே எழுதிடுறேன், ஏன்னா நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரமா என்ன செய்யுறோம்னு சொல்லி, கட்டை உருட்டி ஆடுற மேசை ஆட்டம்) ரொம்ப வருஷமா ஆடுற ஆளு, எங்க மேசையில உக்கார்றவங்க எல்லாருமே நாப்பது வயசை ஒட்டினவங்க, பேங்க்ல வேலை பாக்குறவரு, நர்ஸ், காலேஜ்ல பாடம் எடுக்குறவங்க. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு உக்காந்தா நேரம் போறது தெரியாது. இந்தச் சொல் அவங்க வாயில புழங்கணும், அதுதான் எனக்கு முக்கியம். அகராதியில மட்டும் இருக்குற சொல்லு நமக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு.

முதல்ல 'விளையாட்டு'. தமிழ்ல விளையாட்டுன்னாலே ஒண்ணு மைதானம், இல்லன்னா பிள்ளைங்க. விளையாட்டுப் பிள்ளை, விளையாட்டா சொன்னேன், என்ன விளையாடுறியா, எல்லாத்துலயும் பொறுப்பு இல்லாததுங்கிற சாயல் ஒட்டிக்கிட்டே வருது. வளர்ந்த மனுஷன் ஒருத்தர் வீட்டுல 'நான் விளையாடப் போறேன்'னு சொல்லக் கூச்சப்படுறாரு, ஆனா அதே ஆளு 'சீட்டாட்டம் இருக்கு', 'செஸ் ஆடப் போறேன்'னு சொல்லக் கூச்சப்படுறதில்ல, கவனிச்சுப் பாருங்க. இத்தனைக்கும் இந்தப் பொழுதுபோக்கை உருவாக்கினவங்க யாரும் சின்னப் பிள்ளைங்க இல்ல. 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிய வந்தப்ப கேரி கைகாக்ஸுக்கு வயசு 35, இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போய் வீட்டுல ஷூ ரிப்பேர் பண்ணிக் குடும்பம் நடத்தினவரு, கூட எழுதின டேவ் ஆர்னெசனுக்கு 26. ஊரு விஸ்கான்சின்ல இருக்குற லேக் ஜெனிவா. பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகம், முதல் பதிப்பு ஆயிரம் பிரதி, அவ்வளவுதான்.

அடுத்தது 'பாத்திரமேற்று'. இங்கதான் எனக்குப் பெரிய மறுப்பு. அந்த 1974 பெட்டி அட்டையில 'ரோல்பிளேயிங்'ங்கிற சொல்லே கிடையாது தெரியுமா? காகிதம், பென்சில், சின்னச் சின்னப் பொம்மை வச்சு ஆடுற மத்தியகால கற்பனைப் போர் ஆட்டத்துக்கான விதிகள்னுதான் போட்டிருந்தாங்க. ரோல்பிளேயிங்னு பேரு அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது. அதனால இங்கிலீஷ் பேரை வார்த்தைக்கு வார்த்தை பிடிச்சுக்கிட்டு நாம தொங்க வேண்டிய அவசியம் இல்ல, அந்தப் பேரே ஆட்டத்துக்குப் பின்னாடி வந்த பேருதான். மத்த மொழிக்காரங்களும் அப்படித் தொங்கல. ஜப்பான்காரங்க 'டேபிள்டாக்'னு ஒண்ணை அவங்களே உருவாக்கிக்கிட்டாங்க, அதாவது மேசையில உக்காந்து பேசுறதுதான் விஷயம்னு பிடிச்சாங்க. ஜெர்மன்ல நேரடி மொழிபெயர்ப்பும் இருக்கு, கூடவே 'பென் அண்ட் பேப்பர்'னும் சொல்றாங்க.

அப்ப இந்த ஆட்டத்தோட உயிர் எதுல இருக்கு? ஆடிப் பாக்காதவங்களுக்காக ஒரு துண்டு காட்டுறேன். நடத்துறவரு சொல்றாரு, கயித்துப் பாலம், கீழ ஆறு, பின்னாடி பூதங்க துரத்திட்டு வருது, என்ன செய்யுறீங்க? ஆடுற ஒரு அம்மா சொல்றாங்க, நான் கடைசியா போறேன், எல்லாரும் தாண்டுனதும் கயித்தை வெட்டிடுறேன். இது எந்தப் புத்தகத்துலயும் எழுதி வைக்காத பதில். நடத்துறவரு ஒரு நிமிஷம் யோசிச்சு, சரி, நடுத்தரக் கஷ்டம், 15 வேணும்ங்கிறாரு. இருபது பக்கம் இருக்குற கட்டையை உருட்டுறாங்க, 11 விழுது, அவங்க ஆளோட வலிமைக்கு 3 கூட்டினா 14. ஒண்ணு குறையுது. மேசையில ஒரே 'அய்யோ'. கயிறு பாதிதான் அறுந்துச்சு, முதல் பூதம் பாலத்துல கால் வச்சிருச்சு, இப்ப என்ன செய்யுறீங்கன்னு திரும்பக் கேக்குறாரு. இவ்வளவுதான் ஆட்டம். யாரும் வேஷம் கட்டல, குரலை மாத்தல, அந்தம்மா 'நான் வெட்டுறேன்'னு தன் குரல்லயேதான் சொன்னாங்க. பாத்திரம் ஏற்கிறது இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா அது பக்கவாத்தியம்தான், நடுவுல இருக்குறது எல்லாரும் சேர்ந்து வாயால கட்டுற கதை, அந்தக் கதை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

'என்ன செய்யுறீங்க'ங்கிற இந்தக் கேள்விக்கு வயசும் உண்டு. 1824லயே பிரஷ்ய ராணுவத்துல அதிகாரிங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போர் ஆட்டம் நடத்தினாங்க, நடுவர் ஒருத்தர் உக்காந்து முடிவு சொல்லுவாரு. அப்புறம் 1969ல மினசோட்டாவுல டேவிட் வெஸ்லிங்கிறவர் 'பிரவுன்ஸ்டைன்'னு ஒரு கற்பனை ஊரை வச்சு ஒரு ஆட்டம் நடத்தினாரு, ஆளுக்கொரு படையைக் கொடுக்காம நீ மேயரு, நீ பேங்க்காரருன்னு ஆளுக்கொரு மனுஷனைக் கொடுத்துட்டாரு. ஆடினவங்க அவங்க இஷ்டத்துக்குக் கூட்டுச் சேர்ந்து சதி பண்ண ஆரம்பிச்சு, ஆட்டமே அவர் கையை மீறிப் போச்சு, அவர் அதைத் தோல்வின்னே நினைச்சாரு. அந்தக் கூட்டத்துல இருந்தவர்தான் ஆர்னெசன்.

அதனால என் பரிந்துரை 'கதையாட்டம்'. ஆட்டம்ங்கிற சொல்லுக்கு இருக்குற வசதி வேற எதுக்கும் இல்ல. சதுரங்க ஆட்டம், சீட்டாட்டம்னு கேமுக்கும் வரும், கரகாட்டம், ஒயிலாட்டம், பொம்மலாட்டம்னு நிகழ்த்துறதுக்கும் வரும், நமக்கு வேண்டிய ரெண்டும் ஒரே சொல்லுல கிடைக்குது. சொல்லிப் பாருங்க: 'சனிக்கிழமை கதையாட்டம் இருக்கு, வர்றியா?' நாக்குல தடுக்குதா? இதையே 'பாத்திரமேற்று விளையாட்டு இருக்கு, வர்றியா'ன்னு சொல்லிப் பாருங்க.

'மேசை'யை முன்னாடி சேர்க்கணும்னு ஒரு நண்பர் எழுதியிருந்தாரு. கம்ப்யூட்டர் ஆட்டத்துலேருந்து பிரிச்சுக் காட்டணும்ங்கிற இடத்துல மட்டும் 'மேசைக் கதையாட்டம்'னு போட்டுக்கலாம், எப்பவும் வேண்டாம். இங்கிலீஷ்லயும் கம்ப்யூட்டர்ல வந்த பிறகுதான் இதுக்கு 'டேபிள்டாப்'னு அடைமொழி தேவைப்பட்டுச்சு. வேடம்ங்கிற சொல்லை உண்மையிலேயே உடுப்பு போட்டுக்கிட்டு காட்டுலயும் தோப்புலயும் ஓடி ஆடுறாங்களே, அதுக்கு ஒதுக்கி வைப்போம், 'வேட ஆட்டம்'. அது தனி வகை, நாளைக்கு அதுக்கும் சொல்லு வேணும்.

இப்ப பெரிய சிக்கல், நடத்துறவரை என்னன்னு கூப்பிடுறது. 'நடுவர்' வரலாற்றுப்படி சரிதான், 1974 பெட்டியிலயே 'ரெஃப்ரீ'ன்னுதான் போட்டிருந்துச்சு, ஆனா தீர்ப்பு சொல்றது அவர் வேலையில கால்வாசிதான். 'நடத்துநர்'னா தமிழ்நாட்டுல விசில் ஊதி டிக்கெட் கொடுக்குறவரு, அந்த நினைப்பை யாராலயும் மாத்த முடியாது. 'கதைசொல்லி' அழகான சொல்லு, ஆனா இலக்கியக்காரங்க ஏற்கெனவே எடுத்துக்கிட்டாங்க, அதுபோக கதையை அவர் மட்டுமா சொல்றாரு? ஒரு நண்பர் 'ஆட்டுவிப்பவர்'னு எழுதி அப்பர் வரியையும் காட்டியிருந்தாரு, 'ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே'. மனசை அள்ளுற வரி, ஆனா நம்ம ஆட்டத்துக்கு நேர் எதிரு. இங்க ஆடுறவங்க அவர் ஆட்டுறபடி ஆடுறவங்க இல்ல, கயித்தை வெட்டுறேன்னு அந்தம்மா சொன்னப்ப அவரே எதிர்பாக்கல, அப்படி எதிர்பாராம நடக்குறதுக்குத்தானே வந்து உக்கார்றோம்.

நான் சொல்றது 'கட்டியக்காரர்'. தெருக்கூத்து பாத்தவங்களுக்கு விளக்க வேண்டாம். கட்டியங்காரன்தான் முதல்ல வந்து களத்தைத் திறப்பான், ராஜா வந்தா நீங்க யாருன்னு கேட்டு வாயைக் கிளறுவான், காவல்காரன் வேணுமா அவன்தான், சேவகன் வேணுமா அவன்தான், ஊர்க்காரன் வேணுமா அதுவும் அவன்தான். கதையில நாயகன் இல்ல, ஆனா அவன் இல்லாம கதை நகராது. கதையாட்டத்துல நடத்துறவரு செய்யுறது அச்சு அசல் இதேதான், சத்திரக்காரர்லேருந்து பூதம் வரைக்கும் மிச்சப்பேர் எல்லாருக்கும் அவரே வாய் கொடுக்கணும். பெண்களும் நிறைய நடத்துறாங்கங்கிறதால '-காரன்' வேண்டாம், '-காரர்'னு வைப்போம். பேச்சுல 'கட்டியம்'னு சுருங்கிடும், 'அடுத்த வாரம் கட்டியம் யாரு?' நல்லாத்தான் இருக்கு.

கட்டைக்கு 'பகடை'யா 'கவறு'வான்னு நீண்ட விவாதம் ஓடுது. நான் கவறு. குறள்ல சூது அதிகாரத்துலயே 'கவறும் கழகமும் கையும்'னு வருது, அதைக் காட்டித்தான் ஒருத்தர் சூதாட்ட வாடை அடிக்குதுன்னு மறுத்தாரு. அதே வரியில பக்கத்துலயே இருக்குற 'கழகம்' அங்க சூதாடுற இடம்தானே? இன்னைக்குப் பல்கலைக்கழகம்னு சொல்றப்ப யாருக்காவது அந்த வாடை வருதா? கழகத்துக்குப் போன வாடை கவறுக்கும் போகும், புழங்கினாப் போதும். தாயக்கட்டைன்னு சொன்னா நீளமான நாலு பக்கப் பித்தளைக் கட்டைதான் கண்ணுல வருது, அது இங்க பொருந்தாது. இந்த ஆட்டத்துல 4, 6, 8, 10, 12, 20ன்னு பக்கங்கள் வேணும். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி தமிழ்ல படிச்சவங்களுக்கு நான்முகி, எண்முகி எல்லாம் ஏற்கெனவே பழக்கம், அதே வரிசையில அறுமுகி, பதின்முகி, பன்னிருமுகி, இருபதுமுகின்னு போய்டலாம். 'இருபதுமுகிய எடு'ன்னா புரியும். 'உருட்டு' வேண்டாம்னு சில இளைஞர்கள் சொன்னாங்க, உருட்டுன்னா இப்ப பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சாம். இருக்கட்டுமே, தாயத்தைக் காலங்காலமா உருட்டுறோம், நாலஞ்சு வருஷப் பேச்சுவழக்குக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்ல.

ஹிட் பாயிண்ட்டுக்கு, அதாவது ஆளு அடிபடுறப்பக் குறைஞ்சுக்கிட்டே வர்ற எண்ணுக்கு, 'உயிர்ப்புள்ளி', மறுபேச்சே இல்ல. எந்தக் கதையாட்டக்காரர் ஷீட்டைப் பாத்தாலும் அந்த ஒரு கட்டம் மட்டும் பென்சில்ல எழுதி அழிச்சு எழுதி அழிச்சுத் தாள் தேஞ்சு போயிருக்கும், அந்த இடத்துக்கு உயிர்னு பேரு வைக்கிறதுதான் நியாயம். சேவிங் த்ரோவுக்கு, அதாவது ஆபத்துலேருந்து தப்பிக்க உருட்டுறதுக்கு, 'தப்புவீச்சு'ன்னு வந்துச்சு, அடுத்தவர் 'பிழைப்புவீச்சு'ன்னாரு. தப்புறது, பிழைக்கிறது ரெண்டுமே உயிரோட மீள்றதுதான், ஆனா தப்பு, பிழைன்னு பெயர்ச்சொல்லா வந்தா ரெண்டுமே தவறுன்னுதான் கேக்குது, புதுசா வர்றவங்க குழம்பிப் போவாங்க. 'காப்பு வீச்சு'ன்னு வச்சா இந்தக் குழப்பம் இல்ல.

ஆட்டத்துல ஒவ்வொரு ஆளுக்கும் எண் போட்டு அளக்குற ஆறு குணங்கள்ல வலிமை, லாவகம், திடம், புத்தி நாலும் ஓகே. கரிஸ்மாவுக்குக் 'கவர்ச்சி' வேண்டவே வேண்டாம், சினிமாப் பத்திரிகைங்க அந்தச் சொல்லைக் கெடுத்து ரொம்ப காலமாச்சு, 'வசீகரம்' போதும். விஸ்டம்தான் கஷ்டம். 'ஞானம்'னு போட்டா சாமியார் நினைப்பு வந்துடும், ஆனா ஆட்டத்துல இந்தக் குணம் எதுக்குப் பயன்படுதுன்னு பாத்தா, இருட்டுல ஒளிஞ்சிருக்குறவனைக் கவனிக்க, பேசுறவன் பொய் சொல்றானான்னு மோப்பம் பிடிக்க. எங்க மதுரைப் பக்கம் இதுக்கு ஒரே சொல்லு, சூதானம். 'சூதானமா போய்ட்டு வா'ன்னு அம்மாமாரு சொல்லி அனுப்புறது இதைத்தான். ஈழத்து நண்பர்கள் 'கவனம்'னு சொல்லுவீங்க, உங்களுக்கு சூதானம் அந்நியமாப் படுதான்னு சொல்லுங்க, பொதுச்சொல்லா 'விவேகம்' வச்சுக்கவும் நான் தயார்.

உயிரினங்களோட பேரைத் தமிழாக்குறதுல மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும்னு கேட்டுக்குறேன். டிராகனை 'யாளி'ன்னும் எல்ஃபை (மேலைநாட்டுக் கதைகள்ல வர்ற கூர்க்காது இனம்) 'தேவதை'ன்னும் மாத்தணும்னு வந்திருக்கு. யாளி நம்ம கோயில் தூண்ல நிக்கிறது, சிங்க உடம்பு, சிலதுக்குத் தும்பிக்கை, அதுக்குத் தனி அடையாளம் இருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரங்க எழுபதுகள்லயே நம்ம ராட்சசனை எடுத்து அவங்க பூதப் பட்டியல்ல சேர்த்தாங்க, புலித்தலை, உள்ளங்கை பின்பக்கமாத் திரும்பின கையின்னு ஒரு வடிவம் கொடுத்து உலகம் முழுக்க அதையே ராட்சசன்னு பரப்பிட்டாங்க. நமக்கு உறுத்துற அதே காரியத்தை நாம எல்ஃபுக்குச் செய்யக்கூடாது. எல்ஃப் எல்ஃபாவே இருக்கட்டும், டிராகனும் அப்படியே. ஆனா டன்ஜனுக்கு 'நிலவறை'ன்னு நம்மகிட்ட அட்டகாசமான சொல்லு இருக்கு, அதை விடக்கூடாது.

இதெல்லாம் வெறும் பேச்சு இல்லன்னு கடைசியா ஒரு விஷயம். 2023 ஜனவரியில உரிமம் தொடர்பா பெரிய சண்டை நடந்து, ஆடுறவங்க எல்லாரும் எதிர்த்து நின்னதுல, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடுற விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி அதோட ஐந்தாம் பதிப்போட அடிப்படை விதித் தொகுப்பை, சுமார் 400 பக்கம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க. யாரு வேணும்னாலும் எந்த மொழியிலயும் மொழிபெயர்க்கலாம், விக்கவும் செய்யலாம், எங்கேருந்து எடுத்ததுன்னு குறிப்பிட்டாப் போதும். அதனால தமிழ்ல ஒரு முழு விதிப்புத்தகம் வர்றதுக்குச் சட்டத் தடை எதுவும் இல்ல, சொற்கள் முடிவாகாததுதான் பாக்கி. நான் முதல் பகுதியை, அதாவது ஆளை உருவாக்குற பகுதியை, மேல சொன்ன சொற்களை வச்சு மொழிபெயர்க்க ஆரம்பிச்சிட்டேன், முடிஞ்சதும் இங்க போடுறேன், கிழிச்சுத் தொங்கவிடுங்க.

இனிஷியேட்டிவ் இன்னும் மாட்டல. சண்டை தொடங்குறப்ப யாரு முதல்ல, யாரு அடுத்ததுன்னு உருட்டி வரிசை போடுறோமே, அது. 'முந்துவரிசை'ன்னு இப்போதைக்கு எழுதி வச்சிருக்கேன், ஆனா 'முந்துவரிசை உருட்டுங்க'ன்னு மேசையில சொல்லிப் பாத்தா நீளமா இருக்கு. 'முந்தல்' போதுமா? இதைவிட நல்லதா யாருக்காவது தோணினா எழுதுங்க.

அன்புடன்