பெண் மேயரை ‘மாநகரத் தந்தை’ன்னு எழுதலாமா?

கேட்டவர்: சுங்கை சிப்புட் அம்மா (மலேசியா)
அஞ்சாம் ஆண்டு படிக்கிற என் மக ‘என் இலட்சியம்’ கட்டுரையில, “நான் வளர்ந்து மாநகரத் தந்தையாவேன், தாத்தா இருந்த லயத்துப் பக்கம் சாலை போடுவேன்”னு எழுதியிருந்தா. ஆசிரியர் ‘தந்தை’யைச் சிவப்பு மையில சுழிச்சு, பக்கத்துல எதுவும் எழுதாம விட்டுட்டார். மக அழுதுட்டா. எங்கப்பா முப்பது வருசம் ரப்பர் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வீட்டு வரிசையில) இருந்து பால் மரம் வெட்டினவரு, “பொம்பளப் புள்ள எப்படிம்மா தந்தையாவா?”ன்னு கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியல. சரியான சொல் என்ன?

தைப்பிங் தமிழாசிரியர் (ஓய்வு)
தங்கச்சி, ‘மாநகரத் தந்தை’ மரியாதைக்குச் சேர்த்த பெயர். பதவியின் பெயர் மேயர். அதில் ஆண், பெண் இல்லை. ‘பெரியவர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சென்னையில் தாரா செரியன் 1950களிலேயே மேயராக இருந்தார். தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் ‘மாநகர முதல்வர்’ என்று எழுதச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கும் அதுவே பிடிக்கும். ‘மாநகர அன்னை’ வேண்டாம். பதவியைச் சொல்ல வீட்டு உறவு எதற்கு?

பினாங்குக்காரன்
அக்கா, மேயரை மலாய்ல ‘டத்தோ பண்டார்’னு சொல்றோமே, ‘டத்தோக்’னா தாத்தாவும்தான், ஊர்ப் பெரியவரும்தான். 2015-ல பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு முதல் மேயரா வந்தவங்க பத்தாஹியா இஸ்மாயில், ஒரு பெண். அவங்களுக்கும் டத்தோ பண்டார்தான் பட்டம். இன்னொன்னும் உங்க மககிட்ட சொல்லுங்க: எங்க பினாங்கு ஜார்ஜ் டவுன் 1957-ல மாநகரானப்போ அதோட முதல் மேயர் நம்ம டி. எஸ். ராமநாதன். அவர் பேர்ல இங்க சாலையே இருக்கு. அப்போ தேர்தல் இருந்துச்சு. 1965-ல உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினாங்க, இப்போ நியமனம்தான். அது எனக்கு இன்னிக்கும் வலிக்குது.

கோல கங்சார் கிராணி
சாலைன்னா ஒன்னு கவனிங்க. சுங்கை சிப்புட்டுக்கு மேயர் கிடையாது. கோல கங்சார் நகராண்மைக் கழகத்துக்குக் கீழ வருது, தலைவர் ‘யாங் டிபெர்துவா’. மாநகருக்குத்தான் மேயர். நம்ம பக்கம் ஈப்போ, 1988-ல மாநகராச்சு.

சுங்கை சிப்புட் அம்மா
எல்லாருக்கும் நன்றி. ‘மாநகர முதல்வர்’னு மாத்திட்டா. லயத்துச் சாலைக்கு நகராண்மைக் கழகத் தலைவராவும் ஆகணுமாம், ரெண்டையும் எழுதியிருக்கா. ராமநாதன் விஷயத்தை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாரு.