எலிமேடு வேண்டாம், வட்டத்திட்டு எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

'மைமா மேடுகள்' (Mima mounds) எனப்படும் வட்டமான மண்மேடுகளுக்கு நம் குழுவில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். தம்பி ஒருவர் சொன்ன 'எலிமேடு' சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியாவுக்குத் தெற்கே உள்ள புல்வெளியில் இந்த மேடுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. மிஞ்சிப்போனால் ஆள் உயரம். 1841-இல் அங்கே போன, வில்க்ஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுப்பயணக் குழுவினர் கல்லறை என்று நினைத்துத் தோண்டினார்கள். எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. வளை தோண்டி வாழும் கோஃபர் எலிகள் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிய மண் என்று ஆய்வாளர்கள் டால்குவெஸ்டும் ஷெஃபரும் 1942-இல் எழுதினார்கள். நிலநடுக்க அதிர்வில் மண் குவிந்தது என்றார் நிலவியலார் பெர்க், 1990-இல். செடிவேர் பிடித்த மண் நிற்க, சுற்றிலும் நீர் அரித்தது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் நடக்கிறது. பெயரிலேயே எலிக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

குழுவில் அக்கா ஒருவர் நினைவூட்டிய 'பதுக்கை' எனக்கு மிகவும் பிடித்த சங்கச் சொல். ஆனால் அது இறந்தவர்மேல் குவித்த கல். வில்க்ஸ் ஏமாந்த இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

'புற்று' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு)ப் பின்னால், பால்மர நிரைகளுக்கு நடுவில் இடுப்பளவு புற்று ஒன்று இருந்தது. மழை விட்ட மறுநாள் அதன் உச்சியில் புதுமண் கறுப்பாக ஈரத்தோடு ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிரும். அம்மா பால்வெட்டு முடிந்து வந்து மஞ்சள் தெளிப்பார். மரங்களை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோதும் புற்றை விட்டுவிட்டுத்தான் நட்டார்கள். கறையான் கட்டியது என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. வடகிழக்குப் பிரேசிலில் சுமார் 20 கோடி மேடுகள் இருப்பதாக 2018-இல் ஆய்வு வந்ததே, கறையான்கள் சுரங்கம் தோண்டித் தள்ளிய மண், அவற்றுக்குப் 'புற்று' சரி. மைமாவுக்குச் சரிவராது.

என் பரிந்துரை 'வட்டத்திட்டு'. உருவத்தை மட்டும் சொல்கிறது, யார் செய்தார்கள் என்று சொல்லவில்லை. திட்டு ஆற்றுக்குள் இருப்பதல்லவா என்று கேட்பீர்கள். மணல்திட்டு என்றும் சொல்கிறோமே.

போன வாரம் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மைமாவின் வான்படத்தைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "திட்டுத் திட்டா இருக்கு சார்" என்றாள் ஒருத்தி. அப்புறம்தான் இந்தச் சொல்லை இங்கே எழுதத் துணிந்தேன்.

மேடு ஒன்றுக்கு வட்டத்திட்டு, பரப்பு முழுவதற்கும் திட்டுவெளி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.