பெருங்காயம் கரைத்த பால்: பட்டியலில் இருந்தால் பச்சிளங்குழந்தைக்கும் கொடுக்கலாமா?

குன்னூர் அக்கா: நேத்து இந்தக் குழுவுல ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. பெருங்காயம் அமெரிக்காவோட பாதுகாப்பான மணப்பொருள் பட்டியல்ல இருக்காம், அதனால கைக்குழந்தைக்கும் வாய்வுக்குப் பால்ல கரைச்சு ஊத்தலாமாம். அந்தப் பட்டியல் குழம்புல மணத்துக்குப் போடுற சிட்டிகைக்குங்க, மருந்துக்கு இல்ல. 1984-ல ஒரு மருத்துவ இதழ்லயே வந்திருக்கு: பெருங்காய மருந்து கொடுத்த ஐந்து வாரக் குழந்தைக்கு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போற மெத்திமோகுளோபினீமியா வந்தது.

கோத்தகிரிக்காரன்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேளுங்க. எங்க ஹட்டியில, அதாவது எங்க படுகர் ஊர்ல, தலைமுறை தலைமுறையா கொடுக்கிறோம். நீங்க காட்டுறது ஒரே ஒரு குழந்தை.

குன்னூர் அக்கா: ஒண்ணுன்னாலும் காரணம் தெரியும் சார். பிறந்த குழந்தை ரத்தத்துல கருவுல இருந்தே வர்ற ஹீமோகுளோபின்தான் அதிகம், சில மாசம் கழிச்சுத்தான் அது மாறும். பெருங்காயம் அதை ஆக்சிஜனேற்றம் பண்ணி ஆக்சிஜனைச் சுமக்க முடியாம ஆக்குது, பெரியவங்களோடதை அப்படிப் பண்ணலன்னு ஆய்வகத்துல பார்த்திருக்காங்க. நீங்க ரசத்துல போட்டுக் குடிச்சு நல்லா இருக்கிறது குழந்தைக்குச் சாட்சி ஆகாது.

கோத்தகிரிக்காரன்: ஒரே ஒரு குழந்தைக்காக எங்க பாட்டிமார் எல்லாம் முட்டாளா?

குன்னூர் அக்கா: பாட்டியை யாரு இழுத்தா? தொப்புளைச் சுத்திப் பத்துப் போடுறதை நான் பேசவே இல்ல. வாய்க்குள்ள ஊத்துறதைத்தான் பேசுறேன்.

ஊட்டி மளிகை: நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுற பெருங்காயம் டப்பாவுல கொஞ்சம்தாங்க இருக்கு. கடையில விக்கிறது கூட்டுப் பெருங்காயம். மைதா, கருவேலம் பிசின் எல்லாம் கலந்தது. வீரியத்தைக் காட்டுற, சாராயத்துல கரையுற பகுதி கூட்டுல 5 சதவீதம் இருந்தாலே போதும்னு விதி.

கோத்தகிரிக்காரன்: பாத்தீங்களா, பாதி மாவு! அதுல என்ன ஆபத்து?

குன்னூர் அக்கா: இன்னும் மோசம். எவ்வளவு வீரியம்னே தெரியாத பொருளை மைதாவோட சேத்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டிய பிள்ளைக்கு ஊத்துறீங்க.

கொடைக்கானல் தம்பி: வாய்வுக்கு எங்க மலைப்பூண்டு இருக்குங்க. 2019-ல புவிசார் குறியீடே வாங்கினது. ஆப்கான்ல இருந்து வர்ற பெருங்காயப் பிசின் எதுக்கு?

கோத்தகிரிக்காரன்: ஆரம்பிச்சிட்டாருய்யா. ஊட்டிப் பூண்டுக்கு முன்னாடி நிக்குமா உங்க பூண்டு? நம்ம குளிருக்குப் பெருங்காயத்தையே இங்க பயிர் பண்ணலாம்.

ஊட்டி மளிகை: நடக்காதுங்க. 2020 அக்டோபர்ல இமாசலத்துல லாஹௌல் பள்ளத்தாக்குல நட்டாங்க. அது மழை அதிகம் இல்லாத குளிர் பாலைவனம். இங்க ரெண்டு பருவமழையும் கொட்டுது.

கொடைக்கானல் தம்பி: குறியீடு இருக்கிறது கொடைக்கானலுக்குத்தான். அதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணா.

குன்னூர் அக்கா: பூண்டையும் பயிரையும் தனியாப் பேசுங்கப்பா. இதைப் படிக்கிற ஒரு தாய் இன்னைக்கு ராத்திரியே பால்ல கரைப்பா. குழந்தை உதடு நீலமானா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்னாவது தெரியட்டும்.

கோத்தகிரிக்காரன்: பயமுறுத்துறதே உங்க வேலை. போன தடவை மலைத்தேனை நாக்குல தடவக் கூடாதுன்னு சண்டைக்கு வந்ததும் நீங்கதானே?

குன்னூர் அக்கா: நான்தான். ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது. இன்னைக்கும் அதையேதான் சொல்றேன்.

கோத்தகிரிக்காரன்: தேனுக்கும் ஒரே ஒரு குழந்தையா?

குன்னூர் அக்கா: இல்ல, அதுல நிறைய. தேன்ல இருக்கிற கிருமியால குழந்தைங்களுக்குத் தசையே செயலிழந்து போயிருக்கு. எழுதட்டுமா?

கொடைக்கானல் தம்பி: அண்ணா, பூண்டுக்கு இன்னும் பதில் வரல.