கைனகோமாஸ்டியா ஆபரேஷன்: பைக் ஓட்ட எத்தனை நாள் ஆகும்?

வைகை77:
தம்பிக்கு வயது 24. கைனகோமாஸ்டியா, அதாவது ஆணுக்கு மார்பு பெண்ணுக்குப் போலப் பெருப்பது; அதற்கு வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கொழுப்பை உறிஞ்சி, மார்புக்காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பியையும் வெட்டி எடுக்கப் போகிறார்கள். பைக்கில் பார்சல் கொண்டுபோகும் வேலை. எத்தனை நாள் லீவ் போடணும்? இந்த வெயிலில் இறுக்க பனியனை நாள் முழுக்கப் போட்டே ஆகணுமா?

வார்டு சிஸ்டர்:
போட்டே ஆகணும். சுரப்பியை எடுத்த இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கும். தோல் தசையோடு ஒட்டும்வரை அதில் நீர் கோத்துக்கொள்ளும். அதை அழுத்தி மூடுவதுதான் பனியனின் வேலை. பொதுவாக 4 முதல் 6 வாரம், குளிக்கும் நேரம் தவிர. இரண்டு வாங்கிடுங்க, ஒன்று காயும்போது இன்னொன்று. அடியில் மெல்லிய காட்டன் பனியன் போட்டால் வேர்க்குரு குறையும். மடிப்பு விழாமல் இழுத்து விடணும், இல்லாவிட்டால் தோலில் கோடு பதிந்துவிடும்.

உள்ளே கோக்கும் நீர் வெளியே வடிய டியூப் வைத்தால் தினமும் எத்தனை மில்லி வந்தது என்று எழுதி வையுங்க. 24 மணி நேரத்துக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் எடுப்பார்கள்.

முதல் 48 மணி நேரம்தான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, கல் மாதிரி இறுகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். நடுராத்திரி என்றாலும் உடனே கிளம்பணும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்க. காம்புத் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் அது கறுத்துப்போகும்.

ஃபிசியோ:
மறுநாளே நடக்கலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரம் போதும். பைக் கதை வேறு. பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில் வழியாக வரும் குலுக்கல் நேரே மார்புத் தசைக்குத்தான் போகும். சென்டர் ஸ்டாண்டு போட இழுப்பதும் அப்படியே. குறைந்தது 2 வாரம் வண்டி வேண்டாம், முதுகில் கனமான பையோடு என்றால் 4 வாரம். தண்டால், பெஞ்ச் பிரஸ் 6 வாரம் கழித்து. எல்லாவற்றுக்கும் டாக்டர் சரி சொல்லணும். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும். தோள் மட்டத்துக்குக் கீழே மெதுவாக அசைக்கச் சொல்லுங்க.

வைகை77:
நன்றி. மூணாவது வாரம் கட்டி மாதிரி வரும் என்கிறார்களே, மறுபடி வளர்கிறதா?

வார்டு சிஸ்டர்:
பெரும்பாலும் தழும்புத் திசுதான். கெட்டியாக இருக்கும், சில மாதத்தில் இளகும். தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் அது நீர். டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், வீட்டில் அமுக்காதீங்க. மரத்துப்போன இடத்தில் உணர்வு திரும்பி வரவும் மாதக்கணக்கில் ஆகும்.